புறவாசலைப் பார்த்த கேமரா

பாளையங்கோட்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எதிர் ஃபிளாட்காரர்கள் மாட்டிய கேமரா உன் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு இருப்பதாகவும், பால் பாக்கெட் எடுக்கக்கூட நைட்டியோடு கதவைத் திறக்க யோசனையாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். இங்கே எங்களுக்கும் நாலு மாதமாக இதே பாடாகத்தான் இருந்தது. அதனால்தான் கையோடு பதில் எழுதுகிறேன்.

மேலவீட்டு அண்ணாச்சியை உனக்குத் தெரியும். நாம் பள்ளிக்கூடம் போகும்போது அரைநெல்லிக்காய் உலுப்பித் தருவாரே, அவர்தான். சித்திரையில் அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எவனோ ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மறுவாரமே நாலு கேமரா மாட்டிவிட்டார். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? ஆனால் பின்சுவர் மூலையில் இருந்த ஒன்று எங்கள் புறவாசலைப் பார்த்து நின்றது. துவைக்கிற கல், துணிக்கொடி, குளியலறைக் கதவு எல்லாம் அங்கேதான்.

முதலில் நான் கவனிக்கவில்லை. அம்மாவின் பழக்கம் மாறியதைத்தான் கவனித்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தலை உலர்த்துகிறவள், ஈரத்தலையோடு உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். உள்பாவாடையைக் கொடியில் போட்டால் அதன்மேல் ஒரு துண்டையும் விரித்து மூடினாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று ராத்திரி புறவாசலுக்குப் போனேன். சுவர் மூலையில் வட்டமாகக் குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள். அது இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா.

தம்பி போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னான். சட்டம் என்ன சொல்கிறது என்று நானும் தேடிப் படித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ கையாளும் விவரங்களுக்குப் பொருந்தாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, ஒரு பெண்ணை அந்தரங்கமான நிலையில் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் குற்றம் என்கிறது. அண்ணாச்சி மேல் அப்படி ஒரு பழியைச் சுமத்த எனக்கு மனசு வராது. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. அவர் பார்க்காவிட்டாலும் அம்மாவால் அங்கே நிம்மதியாக உட்கார முடியவில்லை என்பதுதான் என் கவலை.

சனிக்கிழமை சாயங்காலம் நேரே போனேன். மதினியும் இருந்தாள். கேமராவை எடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. "அண்ணாச்சி, அந்தப் பின்பக்கக் கேமராவில் எங்க வீடு எவ்வளவு தெரியுதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். போனை எடுத்துத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளி நகரும் சத்தம்கூடக் கேட்டது. மதினி சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள். "பெங்களூர்ல மகன் போன்லயும் இது தெரியுமே" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மறுநாளே கேமரா மாட்டிய பையனை வரவழைத்தார். அவன் கேமராவை அண்ணாச்சி வீட்டுப் பக்கமாகத் திருப்பினான். அப்படியும் எங்கள் சுவரோரம் கொஞ்சம் தெரியவே, அந்த இடத்தை மட்டும் திரையில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தான். அந்தப் பகுதி பதிவாகவே ஆகாதாம். மைக்கையும் நான் கேட்டு நிறுத்தச் சொன்னேன். சத்தம் பதிவாவது பல பேருக்கு நினைவே வருவதில்லை, நீயும் அதை விட்டுவிடாதே.

உன் விஷயத்திலும் முதலில் அந்த வீட்டுப் பெண்ணிடம் போய், திரையைச் சேர்ந்து பார்க்கக் கேள். கதவு திறந்தால் உன் வீட்டு ஹால் எதுவரை தெரிகிறது என்று அவளே பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் அப்புறம் அசோசியேஷனில் எழுதிக் கொடு. நடைபாதை எல்லோருக்கும் பொது, அதில் உனக்கும் பேச்சு உண்டு. பேசப் போகும்போது உன் வீட்டுக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவார்.

அம்மா இன்னும் கல்லில் உட்காரும் முன் ஒரு தடவை அந்த மூலையை அண்ணாந்து பார்க்கிறாள். போன வெள்ளிக்கிழமை தலையை அங்கேதான் உலர்த்தினாள். ஆடி முடிந்ததும் நீ வந்து பத்து நாளாவது இருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் சிநேகிதி