எங்களைச் சுமந்த சபைக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சேகரத்துப் போதகராகிய ஐயர் அவர்களுக்கும், அவர் துணைவியார் ஐயரம்மா அவர்களுக்கும், சபை ஊழியருக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபத் தம்பிமாருக்கும், எங்கள் தெருவாருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர் வாழ முடியும் என்று டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து நீங்கள் எங்கள் குடும்பத்தைத் தாங்கி வருகிறீர்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லப் பலமுறை நினைத்தும் தொண்டை அடைத்துக்கொள்வதால், அதை எழுத்தில் தருகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்ட சுகத்தைப் பெற்றுக்கொண்டவர்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனாலும், கேட்ட சுகம் இன்னும் கிடைக்காத வீட்டிலும் சொல்வதற்குச் சாட்சி உண்டு. அதையும் சபை கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் வாலிபத் தம்பிமாருக்கு. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் விடியும் முன்பே வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, திருநெல்வேலிக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு அவர் படுத்திருக்கும் வரையில் வெளியே காத்திருந்து, பத்திரமாக வீடு சேர்த்தீர்கள். உங்களில் பலருக்கு அது வேலைநாள். ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி அவர் துடித்த ஒரு நாளில், என்னோடு உள்ளே வர அனுமதி பெற்ற தம்பி ஒருவர், நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவர் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, வலி அடங்கும் வரை அசையாமல் நின்றார். திரும்பி வரும் வழியில் மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுலின் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரம் தெரியத் தொடங்கியதும், "அண்ணாச்சி, ஊர் வந்தாச்சு" என்று அவரை எழுப்புவதை நீங்கள் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறீர்கள். சோர்ந்து கண் மூடியிருக்கும் மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பலம் தருகிறது என்பதை அருகில் இருந்து பார்ப்பவள் நான்.

கமிட்டியில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சை உண்டு என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குவது முதல் அட்டை கைக்கு வரும் வரை கூடவே அலைந்தவர் அவர். அந்த அட்டை இல்லாதிருந்தால் வாழைத் தோட்டம் எப்போதோ கைமாறிப் போயிருக்கும்.

தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது கட்டளை. ஏத்தன் வாழை குலை தள்ளி நின்ற நேரத்தில் ஆடிக் காற்று தொடங்கியபோது, நாங்கள் ஒருவரிடமும் கேட்காதிருக்க, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நம் சபை ஆண்கள் தோட்டத்துக்கு வந்து, சவுக்குக் கம்புகளை நட்டு ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்தார்கள். பொட்டாசியம் கூடிவிடும் என்பதால் தன் தோட்டத்துப் பழம் ஒன்றைக்கூடச் சாப்பிட முடியாத என் கணவர், அன்று வரப்பில் உட்கார்ந்து, எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படி உற்சாகமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். அவருக்குச் செய்யவும் சொல்லவும் ஒன்று உண்டு என்று உணரும்படி அவரிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்தீர்களே, அந்தக் கரிசனையை நான் மறக்கவே மாட்டேன்.

ஐயர் அவர்களுக்கும் ஐயரம்மா அவர்களுக்கும் நான் பட்ட கடன் வேறு வகையானது. வெளியிலிருந்து ஜெபிக்க வந்த ஒருவர், வீட்டில் மறைந்த பாவம் ஏதோ இருப்பதால்தான் வியாதி விலகவில்லை என்று எங்கள் நடுவீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் வந்த இரவுகள் நோயைவிடக் கொடுமையாக இருந்தன. செய்தியறிந்து வந்த ஐயர், யோவான் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து, பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் கேட்ட அதே கேள்வியையும், பாவம் அவனுடையதும் அல்ல, அவனைப் பெற்றவர்களுடையதும் அல்ல என்று ஆண்டவர் கொடுத்த பதிலையும் எங்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். அதோடு நிற்காமல், 88ஆம் சங்கீதத்தையும் வாசித்தார். அழுகையில் தொடங்கி, ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிந்துபோகிற அந்தச் சங்கீதத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு, ஆகையால் உங்கள் புலம்பலுக்கும் தேவ சமுகத்தில் இடம் உண்டு என்று அவர் சொன்னபோது, பல வாரங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டு அழுதேன்.

அக்காலத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் டாக்டர் சொன்ன எண்களும் மருந்துக் கணக்கும்தான் மனதில் ஓடின. இதை ஐயரம்மாவிடம் சொன்னபோது அவர்கள் என்னைக் கண்டிக்கவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. "நீங்க வந்து உக்காந்தா போதும், உங்களுக்கும் சேர்த்து நாங்க ஜெபிக்கிறோம்" என்றார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சுவரோரம் உட்கார்ந்து, உங்கள் ஜெபங்களுக்கு ஆமென் மட்டும் சொல்லி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில், சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லி வந்த பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும், எனக்கு அருகே நின்றவர்களின் குரலோடு சேர்ந்து என் வாயிலிருந்தும் வந்தன. விசுவாசம் என்பது என் மனதின் பலத்தைப் பொறுத்தது என்று எண்ணியிருந்த எனக்கு, என் பலம் தீர்ந்த இடத்தில் சபை முழுவதும் சேர்ந்து அதைக் காத்து வைத்திருந்து திரும்பத் தந்தது என்பதே நான் சொல்ல வேண்டிய சாட்சி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு எப்படி நன்றி சொல்வேன்? உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துச் சேர்த்த பிடி அரிசியை, கையிருப்பு இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுப் பிடியும் அதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். வீடு வாசல் இழந்து வந்த விசுவாசிகளுக்காக மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் தொடங்கிய மண் இது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது திருநெல்வேலிச் சபைகளுக்கு அன்றே வந்த பழக்கம் என்று ஓய்வுநாள் பாடசாலையில் படித்திருந்தேன். அந்தப் பழக்கத்தால் என் வீட்டு அடுப்பே எரிந்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது.

சபையார் எல்லாரும் கூடி உண்ணும் விருந்தாகிய அசனத்தை, கடந்த முறை நடந்ததை, நினைக்கும்போதும் மனம் நிறைகிறது. பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் கொதித்துக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் சிறு பானை வைத்து, காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்து, உப்பில்லாமல் அவருக்கென்று தனியே சமைத்தீர்கள். என்னிடம் முறையைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனவர்கள் எதற்கென்று சொல்லவே இல்லை. எல்லாரோடும் ஒரே பந்தியில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஆலயத்துக்கு வருகிறவர்கள் அல்ல. செவ்வாய்தோறும் அம்மன் கோவிலுக்குப் போய் என் கணவர் பேரில் அர்ச்சனை செய்கிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகளுக்குச் சோறு போட்டு, நாங்கள் வரும் வரை பாடம் படிக்க வைக்கும் அவர்களையும் தேவன்தான் எங்களுக்குத் தந்தார் என்று விசுவாசிக்கிறேன்.

டயாலிசிஸ் தொடர்கிறது. மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம்; அதற்காக ஜெபியுங்கள். என்னால் இப்போது மறுபடி வாய்திறந்து ஜெபிக்க முடிகிறது. ஆகையால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் பொறுப்பில் என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி ஐயரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வருகிற அசனத்துக்குக் காய் நறுக்க முந்தின இரவே வந்துவிடுவேன். வாழை இலை முழுவதும் எங்கள் தோட்டத்திலிருந்து வரட்டும் என்று என் கணவர் சொல்லச் சொன்னார்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி