சம்பளத்தை வகுத்துப் பாருங்கள்

ஐயா, லட்சங்களில் சம்பளம் வரும் வக்கீல் வேலையை விடுவது திமிர் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மும்பையில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து என் மகளும் விலகியவள்தான். அங்கே எந்தக் கட்சிக்காரருக்காக உழைத்தோம் என்று ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுத வேண்டும், அதை வைத்துத்தான் பில். தீபாவளிக்கு வந்தவள் எண்ணெய்த் தலையோடு லேப்டாப்பைத் திறந்து ஏதோ கம்பெனி ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், குளிக்கப் பத்து மணியானது, எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குகள் நடத்துகிறாள். வருமானம் பாதிகூட இல்லை. சரி, கடன் இல்லாததால் முடிந்தது, எல்லோராலும் முடியாதுதான். ஆனால் திமிர் என்பவர், அந்தச் சம்பளத்தை வேலை பார்த்த மணிநேரத்தால் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதட்டும்.

– ஒரு தாய், மதுரை