பள்ளிக்குப் பள்ளி முதல் வரிசை: இர்மா ரேஞ்சல் போட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவும் கட்-ஆஃப் கணக்குமாக வீடுகள் தவித்துக் கிடக்கும் மே மாதத்தில்தான், 1931இல், தெற்கு டெக்சாஸின் கிங்ஸ்வில் ஊரில் இர்மா ரேஞ்சல் பிறந்தார். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, சட்டம் படித்து 1969இல் பட்டம் பெற்றார். 1976 தேர்தலில் வென்று டெக்சாஸ் பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் மெக்சிக வம்சாவளிப் பெண் அவர். 2003 மார்ச்சில் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். கிங்ஸ்வில்லில் ஒரு மருந்தியல் கல்லூரியும் டல்லாஸில் ஒரு பெண்கள் பள்ளியும் அவர் பெயரில் நடக்கின்றன. நமக்கு வேண்டியது 1997இல் அவர் நிறைவேற்றிக் காட்டிய 588ஆம் மசோதா.

மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாதென்று 1996இல் நீதிமன்றம் சொல்லிவிட, ரேஞ்சலும் சக உறுப்பினர்களும் பள்ளியைப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் தர வரிசையில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகம் எதிலும் இடம் உறுதி. இறுதி வகுப்பில் 80 பேர் படிக்கும் பள்ளியில் 8 பேர், 400 பேர் என்றால் 40 பேர். பக்கத்து ஊர்ப் பள்ளி எவ்வளவு மதிப்பெண் வாங்கியது என்ற கேள்வியே எழாது. வெள்ளையர் மிகுந்த கிராமத் தொகுதிகளின் உறுப்பினர்கள் சிலரும் கை தூக்கியதற்குக் காரணம், தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதில் வழி இருந்ததுதான்.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான நம் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல சட்டம். ஆனால் மாநிலத்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அந்த இடங்களில் ஒரே பள்ளியிலிருந்து பத்துப் பேர் வரலாம். களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து எவருமே வராமலும் போகலாம். ரேஞ்சலின் கணக்கில் எந்தப் பள்ளியும் விடுபடாது.

அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. முதல் சிக்கல் சிறிய பள்ளி. பிளஸ் டூவில் 18 பேர் என்றால் 10 சதவீதம் 1.8. ஒருவரா, இருவரா? மேலே முழுமையாக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதாவிட்டால் தலைமை ஆசிரியர் மேசையில்தான் சண்டை நடக்கும். சம மதிப்பெண்ணுக்கும் முன்கூட்டியே விதி வேண்டும்.

அடுத்தது பள்ளி மாறுவது. டெக்சாஸில் வரிசையில் எளிதாக மேலே வரலாம் என்று போட்டி குறைந்த பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிய குடும்பங்கள் உண்டு. இதைத் தடுக்க ஆறாம் வகுப்பிலிருந்தே அதே பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றால், பத்தாம் வகுப்போடு நிற்கும் கிராமப் பள்ளிப் பிள்ளைகள் அடிபட்டுப் போவார்கள். பிளஸ் ஒன்னுக்கு அவர்கள் வேறு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளை ஒரு மேல்நிலைப் பள்ளியோடு இணைத்துப் பட்டியலிட்டு, அவற்றில் எதில் படித்திருந்தாலும் சேர்த்துக்கொள்வதே சரி.

இடம் தானாக வீடு தேடி வராது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கேயும் உரிய தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர்க்கை உறுதி. கேட்ட பாடப்பிரிவு உறுதியில்லை. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இந்த 10 சதவீத மாணவர்களே பெரும்பகுதி இடங்களை நிரப்பியதால், 2009இல் சட்டத்தைத் திருத்தி மாநில மாணவருக்கான இடங்களில் 75 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள அனுமதித்தார்கள். அங்கே இப்போது முதல் 10 சதவீதத்துக்குள் வந்தாலும் போதாது.

பணம்தான் பெரிய ஓட்டை. அனுமதிக் கடிதம் வந்தும் செலவுக்கு வழியில்லாத பிள்ளை போவதில்லை. ஆஸ்டின் பல்கலைக்கழகம், அதிகம் பேரை அனுப்பாத பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து 1999 முதல் தனி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நம்மிடம் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைக்கு விடுதியும் வேண்டும். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்க்கும் ஏதேனும் ஒரு படிப்பில், திருநெல்வேலி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் முதலாவதாக வருபவருக்கு ஓர் இடம், விடுதியோடு, என்று தொடங்கிப் பார்க்கலாம். அறிவிப்பை இந்த ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பு திறக்கும்போதே ஒவ்வொரு பள்ளிப் பலகையிலும் ஒட்டிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் இரண்டு வருடப் படிப்பு முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை