மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

மண்டபம்,
ஜூன் 22

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு தொண்டிப் பக்கம் நல்ல இறால் பட்டதாமே, சந்தோஷம்.

ஆனால் கடைசி வரியில், "காரில் பிரேக் கொஞ்சம் இறங்குது, இரண்டு தடவை மிதித்தால் பிடிக்குது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன மார்கழியில் பாம்பன் பாலத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வருகிறது என்று வேடிக்கை பார்க்க, முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. மிதித்தேன், பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றேன். பக்கத்தில் பேத்தி. அவள் மடியில் இருந்த பனங்கிழங்கெல்லாம் காலடியில் சிதறிக் கிடந்தது.

அதற்கு 2 வாரம் முன்புதான் ஒரு பட்டறையில் முன் சக்கரங்களுக்குப் பிரேக் பேட் மாற்றியிருந்தார்கள். டப்பாவில் பிரேக் ஆயிலும் குறையவில்லை. கோளாறு, பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால், மிதிக்கிற ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வாஷரைத் தாண்டி நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது.

நீ இப்போதே செய். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிஷம் பிடி. மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், என் கோளாறுதான் உனக்கும். இறங்காமல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் போகும் லைனில் காற்று. இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், பின் சக்கர டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் என்று படுகிறது. பெடல் கல்லாக இருந்தும் பிடிக்காவிட்டால் மிதியை லேசாக்குகிற பூஸ்டரைப் பார்க்க வேண்டும், உன் வண்டிக் கோளாறு அது இல்லை.

இருந்தாலும் தடைக்காலத்தில் 61 நாள் கடற்காற்றில் சும்மா நின்ற வண்டி அது. பின் சக்கரங்களின் உள்பக்கம் குனிந்து பார். பிசுபிசுவென்று ஈரம் இருந்தால், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. அடியில் ஓடும் பிரேக் ஆயில் இரும்புக் குழாய்களையும் விரலால் தடவிப் பார், உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். பிரேக் ஒரு பக்கமாக இழுத்தால், பேட்டை அழுத்துகிற காலிப்பர் துருவேறி இறுகியிருக்கலாம்.

அப்புறம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் பழைய பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் காலடியில் காணாமல் போகும். வண்டியில் ஆயில் ஊற்றுகிற டப்பாவின் மூடியில், ஆயில் ரகத்தைச் சொல்லும் டாட் எண் எது போட்டிருக்கிறதோ, அந்த ரகத்தில் புது ஆயில் வாங்கி வை.

நான் வரும்வரைக்கும் வண்டியை எடுக்காதே, சந்தைக்குக்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். டிரம்மைக் கழற்றிப் பார்ப்போம். லைனிலிருந்து ஏர் எடுக்க, அதாவது காற்றை வெளியேற்ற, வேண்டி வந்தாலும் மிதிக்க ஒருவர், நட்டைத் திறக்க ஒருவர் வேண்டுமே. பேத்தியும் வருகிறேன் என்கிறாள்.

உன் மச்சான்