சுமைதாங்கிக் கல் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான்குவழிச் சாலை வேலையில் பெயர்த்தெடுக்கப்பட்ட நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல், ஏரிக்கரைப் பாதை தொடங்கும் இடத்தில் மறுபடி நடப்பட்டுவிட்டது. வரவு செலவை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். ஆனால் சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருந்து பணம் அனுப்பியவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கல்லை ஏன் கோயிலில் வைக்கவில்லை?" அதற்குப் பதில் சொல்லாமல் கணக்கு மட்டும் காட்டுவது சரியாக இருக்காது.

இளைய உறுப்பினர்களில் பலர் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள், எதற்கென்று தெரிந்திருக்காது. செங்குத்தாக இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் அடுத்தவர் கை உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, அப்படியே மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நடுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிறவர்களின் சுமையை அவள் பெயரில் ஒரு கல் வாங்கிக்கொண்டால் அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்க இந்தக் கல் உண்டு. காவேரிப்பாக்கம் பக்கம் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், பக்கத்திலேயே சுமைதாங்கி என்று வழிநடைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.

நம் கல்லில் எழுத்து உண்டு. படுக்கைக் கல்லின் முன்முகத்தில் 'விரோதி வருஷம் தை' என்பது தெளிவாகத் தெரிகிறது. பெயரில் 'ம்மாள்' என்ற கடைசிப் பகுதி மட்டும் மிச்சம். விரோதி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1949இல் வந்த விரோதியாக இருக்க முடியாது. அப்போது பிள்ளைகளாக இருந்த நம் பெரியவர்கள், தங்கள் பாட்டிமாரே அதைப் பழைய கல் என்றுதான் சொல்வார்கள் என்கிறார்கள். ஆகவே 1890 தை, இல்லையென்றால் 1830 தை. அவள் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று இரண்டு வகையறாக்கள் சொல்கின்றன. முழுப்பெயரைப் புதிதாக வெட்டித் தருகிறோம், செலவும் எங்களுடையது என்று இரண்டு தரப்பும் முன்வந்தன. இரண்டு பேரிடமும் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இனி இடத்தைப் பற்றி. பழைய இடம் இப்போது சாலையின் நடுவில் போய்விட்டது. அதற்கு நேராகச் சாலை ஓரத்தில் நட்டுவிடலாம் என்பதுதான் எல்லாருடைய முதல் யோசனை. அதிகாரிகள் முடியாது என்றார்கள். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ வேறு கட்டுமானமோ அமைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவைக் காட்டினார்கள். இது சிலை இல்லை ஐயா, சாலை வருவதற்கு முன்பே இருந்த கல் என்று சொல்லிப் பார்த்தோம். முன்பே இருந்தது சரி, இப்போது புதிதாகத்தானே நடப்போகிறீர்கள் என்றார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், "கண்ணகியையே ஒரு ராத்திரியில் தூக்கிட்டுப் போனாங்க, நம்ம அம்மாள் எம்மாத்திரம்" என்றார். மெரினாவில் 1968இல் வைத்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 ஜூனில்தான் திரும்பி வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். கண்ணகிக்காகக் கேட்க ஊர் உலகம் இருந்தது, நம் கல்லுக்கு யார் வருவார்கள் என்பதுதான் அவர் கவலை. அதோடு சாலையோர யோசனை முடிந்தது.

அடுத்தது மாரியம்மன் கோயில் முன்மண்டபம். அதிகம் பேர் கேட்டதும் இதைத்தான். பாதுகாப்பான இடம், விளக்கு எரியும், தினமும் பூ விழும். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சாவுக்காக நட்ட கல்லைச் சந்நிதிக்கு எதிரே வைப்பதா என்று சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இந்தப் பேச்சு எங்களுக்குப் பிடிக்கவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இன்னொரு எதிர்ப்புதான் எங்களை யோசிக்க வைத்தது. காலனித் தெருவிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்து, "ரோட்ல இருந்தப்ப நாங்களும் அதுலதான் விறகுக் கட்டை எறக்கி வெச்சோம். மண்டபத்துக்குள்ள போயிட்டா நாங்க எறக்கி வெக்கவா போறோம்? நீங்க விட்டாலும் எங்களுக்கு மனசு வராது" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. யார் சுமை, எந்தத் தெருச் சுமை என்று கேட்காமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழியில் நின்ற கல் அது. மதில் சுவருக்குள் போனால் அந்தக் குணம் போய்விடும். கோயில் வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்தது அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டுத்தான். வேறு காரணம் இருப்பதாக ஊரில் உலவும் பேச்சை நம்ப வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலைய வாசல் என்பது ஆசிரியர் ஒருவரின் யோசனை. பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவுக் கல் பிரசவம் பார்க்கும் இடத்தில் இருப்பதுதானே பொருத்தம் என்றார். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார், தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்திருக்கிறார்கள் என்று எழுதி வந்து வாசித்தார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கல் காட்டும் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கிராம சுகாதார செவிலியர் ஒத்துக்கொள்ளவில்லை. "செக்கப்புக்கு வர்ற பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு ஏற்கனவே பயந்துபோய்தான் வருது. வாசல்லயே இதையா காட்டுவீங்க?" என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அந்த அம்பத்தி நாலு பேருக்கும் யாரு சாமி கல்லு நட்டது?" என்று ஆசிரியரைக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஆசிரியர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம், பள்ளிக்கூட வளாகத்தில் வைக்கலாம், பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு மாதிரி போடலாம் என்றெல்லாமும் வந்தன. பெஞ்சு யோசனையைச் சொன்னவர் பெயரை அவர் நன்மை கருதி எழுதவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் விஷயம் தீர்மானத்துக்கு வந்தது. வழக்கமாக நம் கிராம சபைக்குப் பெண்கள் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். இந்த முறை நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மொத்தமாக வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். நினைவுச் சின்னத்தை எங்கே வைத்தால் எல்லார் கண்ணிலும் படும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் பேசியது வேறு. ஊரில் இன்றைக்கும் தலைச்சுமை எந்த வழியில் வருகிறது? புல்லுக்கட்டும் விறகும் ஏரிக்கரைப் பாதையில்தான் வருகிறது. வண்டி போகாத வழி அது ஒன்றுதான், தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள்தான். கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் திரும்பும் இடத்தில்தான் கழுத்து கடுக்க ஆரம்பிக்கும், கல் அங்கே நிற்கட்டும் என்றார்கள். சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாதே என்று ஒருவர் கேட்டார். "கார்ல போறவனுக்கு என்ன சுமை?" என்று பதில் வந்தது. தீர்மானம் நிறைவேறியது. வண்டிப்பாதைப் புறம்போக்கை ஒட்டிய நத்தம் இடம் அது. கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் வந்து அளந்து எல்லைக்கல் காட்டிவிட்டுப் போனார்கள்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேசிபி வைத்துக் கல்லை எடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சங்கிலி கட்டாமல் பக்கெட்டிலேயே நெம்பியதில் படுக்கைக் கல் நடுவில் இரண்டாகப் போய்விட்டது. எழுத்து இருப்பதும் அந்தக் கல்லில்தான். புதுக் கல்லில் அதே எழுத்தை வெட்டிவிடலாம் என்று கல் தச்சர் சொன்னார். அது கமிட்டிக்கு ஒப்பவில்லை. பழைய கல்லையே இரண்டு முகத்திலும் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி, எபாக்சி வைத்து இணைத்திருக்கிறோம். இருந்தாலும் நடுவில் ஒட்டுப்போட்ட கல் தனியாகப் பாரம் தாங்காது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், ஒட்டுக்கு நேர் கீழே மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தோம். படம் பார்த்துவிட்டு "எங்க ஊர்க் கல்லுக்கு ரெண்டு காலுதானே" என்று கேட்டவர்களுக்கு விளக்கம் இதுதான். மூன்றாவது கால் புதியது என்று பார்த்தவுடனே தெரியும்படி அதன் முகத்தைப் பழைய கல்போலக் கொத்தாமல் விட்டிருக்கிறோம்.

உயரத்தில்தான் பெரிய குழப்பம். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் மண் ஏறி ஏறி, கடைசியில் கல் இடுப்பளவுதான் தெரிந்தது. உட்கார்ந்து பீடி குடிக்கத்தான் பயன்பட்டது. தோண்டி எடுத்தபின்தான் கால்கள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. எவ்வளவு புதைப்பது, எவ்வளவு வெளியே விடுவது? பழைய அளவு யாருக்கும் நினைவில்லை. கால்களைக் குழியில் நிறுத்தி, சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் புல்லறுத்துவிட்டு வந்த பெண்களையே அழைத்தோம். படுக்கைக் கல்லுக்குப் பதில் ஒரு பலகையை மேலே வைத்திருந்தோம். உயரமான ஒரு அக்கா கட்டைச் சுலபமாக நகர்த்தி வைத்துவிட்டார். அடுத்து வந்த குள்ளமான அம்மாவுக்குக் கட்டின் அடி பலகையில் இடித்து, சும்மாடு நழுவி, புல் பாதி கொட்டிப்போனது. "ரெண்டு வெரல் எறக்குப்பா" என்றார். தச்சர் இறக்கினார். "இன்னும் ஒரு வெரல்." மறுபடி இறக்கினார். இப்படியே நாலரை அடிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. எந்தப் பொறியாளரும் போட்டுத் தராத அளவு இது. மறுநாள் காலை கான்கிரீட் போட்டோம். அது நன்றாக இறுகியபின் கிரேன் வைத்துப் படுக்கைக் கல்லை ஏற்றி, இரண்டு சிமெண்ட் மூட்டைகளை ஒரு ராத்திரி முழுக்க அதன்மேல் வைத்திருந்து பார்த்தோம். ஒட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

திறப்புவிழாக் கல்வெட்டு கிடையாது. யார் முன்னிலை, யார் தலைமை, யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்தால் இடத்துக்கு நடந்த பஞ்சாயத்தைவிட அது பெரிதாகியிருக்கும். கமிட்டி உறுப்பினர் பெயர்கள்கூடக் கல்லில் எங்கும் இல்லை. இதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது, தெரியும்.

வரவு: தலைக்கட்டுக்கு (ஊர் வரி கட்டும் ஒரு குடும்பத்துக்கு) 300 ரூபாய் வீதம் 214 தலைக்கட்டு 64,200. வெளியூர் உறுப்பினர்கள் நன்கொடை 71,500. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000. ஆக 1,50,700 ரூபாய். இதில் ஒன்று சொல்ல வேண்டும். கணவர் இல்லாத பெண்களின் வீட்டை அரைத் தலைக்கட்டாகக் கணக்கிட்டு அரை வரி வாங்குவது நம் ஊர் வழக்கம். இந்தத் திருப்பணிக்கு அவர்கள் அரை வரி கொடுக்க மறுத்து முழு வரியே கட்டினார்கள். இந்தக் கல்லுக்காவது எங்களை முழு ஆளாக எழுதுங்கள் என்றார்கள். நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறோம். கோயில் வரிக்கும் இதையே வைத்துக்கொள்வதா என்பதை ஊர்க் கூட்டம்தான் பேச வேண்டும்.

செலவு: கிரேன், வண்டி வாடகை 18,500. கல் வேலை 38,000. அஸ்திவாரம், சாமான், கொத்தனார் சித்தாள் கூலி 41,300. சுற்றிலும் தளக்கல் பதித்து, பக்கத்திலிருந்த பழைய மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்த வகையில் 17,200. கல் நட்ட நாள் பந்தல், சாப்பாடு 13,600. ஜெராக்ஸ், போக்குவரத்து 2,900. ஆக 1,31,500. கையிருப்பு 19,200 ரூபாய். கல்லை உடைத்ததற்கு ஒப்பந்தக்காரர் தருவதாகச் சொன்ன தொகை இதுவரை வரவில்லை. வந்தால் தனியாக வரவு வைத்து அறிவிப்போம்.

கையிருப்பில் ஒரு தெருவிளக்கு போடலாம் என்று யோசனை இருக்கிறது. பஞ்சாயத்தே போட்டுத் தந்துவிட்டால் தொகை வங்கியிலேயே இருக்கும்.

இன்னொரு விஷயம். கல் நட்ட மறுவாரமே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கற்பூரமும் எரிகிறது. கமிட்டி இதைச் செய்யச் சொல்லவில்லை, தடுக்கவும் போவதில்லை. எண்ணெய் மட்டும் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். மேல்கல் வழுக்கி இரண்டு முறை புல்லுக்கட்டு கீழே விழுந்துவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

ரசீதுகளும் கணக்கு நோட்டும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டிக்காக, செயலாளர்