திராட்சைக் கொடிய மட்டும் வெட்டிடாதீங்க அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. நாலு பக்கத்துல மூணு பக்கம் திட்டு தான், வாங்கிக்கிட்டேன். ஃபோன்ல பேசுறப்பல்லாம் அம்மா பக்கத்துல இருக்கறதால எதையும் சொல்ல முடியலன்னு எழுதிருக்க, அதனால நானும் எழுதியே பதில் சொல்றேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. குளிரு தான், அதுவும் பழகிடுச்சு, ஹீட்டர ராத்திரி மட்டும் போட்டுக்குவேன், பகல்ல ஜாக்கெட்டோடயே இருந்துடறது. கார வித்துட்டேன், இங்க பஸ்ஸே நல்லா தான் இருக்கு, அம்மாகிட்ட சொல்லாத.

அத்தான் திராட்சைக் கொடிய எடுத்துட்டு ஷெட் போடணும்ங்கறாருன்னு எழுதிருக்க பாரு, அதப் படிச்சதும் தான் உடனே உக்காந்துட்டேன். வெறும் இலையும் குப்பையும் தான், ஒரு கொத்து கூட இல்லைன்னு சொல்றாராம். எப்படிக்கா காய்க்கும்? அப்பா போனதுக்கப்புறம் யாராவது அதுக்கு கவாத்து பண்ணீங்களா, அதான் வேண்டாத குச்சிய வெட்டி விட்டீங்களா?

பக்கத்து வீட்டு தாத்தாவப் பத்தி சொல்லிருக்கேன்ல, நேர்ல பாத்தா ஒரு வார்த்த பேச மாட்டார், செடிகிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசுவாரே, அவர் வீட்டுப் பின்பக்கம் பூரா திராட்சைப் பந்தல் தான். கான்கார்ட்னு ஒரு ஜாதி, 1849-ல அமெரிக்காவுல எஃப்ரேம் புல்னு ஒருத்தர் தோட்டத்துல விதை போட்டுப் போட்டுப் பாத்து பொறுக்கி எடுத்ததாம், நல்ல குளிரையும் தாங்கும். தோல் கெட்டி, லேசா அழுத்துனா உள்ள இருக்கற சதை அப்படியே வழுக்கிட்டு வெளிய வந்துடும். குளிர் முடியற சமயத்துல தாத்தாவுக்கு ஏணி ஏற முடியலன்னு என்னைக் கூப்டார், சனி ஞாயிறு நான் சும்மா தானே இருக்கேன்னு போனேன் (கொஞ்சம் காசு குடுத்தார், வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு வாங்கிக்கிட்டேன்).

போன வருஷ வளர்ச்சியில பத்துல ஒன்பது பங்க வெட்டுங்கறார் மனுஷன்! எனக்குக் கையே வரல. அப்புறம் அவரே காட்டினார். பழைய கட்டையில பழம் வராது, போன சீசன்ல வளந்து பழுப்பா முத்தின குச்சி இருக்குல்ல, அந்தக் கணுவுல இருந்து வர்ற புதுத் தளிர்ல தான் பூவே வரும், அதனால அந்தக் குச்சியில அளவா கொஞ்சம் விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துடணும், இல்லன்னா காடா வளந்து வெயில் உள்ளயே போகாது. இங்க குளிர்ல இலையெல்லாம் கொட்டி கொடி தூங்கிடும், அதனால வருஷத்துக்கு ஒரு கவாத்து தான். நம்ம சூட்டுல அது தூங்கறதே இல்ல, நாம வெட்டினா தான் அதுக்குப் பூக்கணும்னு தோணும், வெட்டி நாலு மாசம் போல ஆனா பழம். அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவ ஏணி போட்டு நின்னது இதுக்கு தான், பச்சையா இருக்கறத ஏன் இந்த மனுஷன் மொட்டையடிக்கறார்னு நாம சிரிச்சோம். வெட்டின எடத்துல தண்ணி சொட்டும், அம்மா பயப்படுவாங்க, ஒன்னும் ஆகாதுன்னு சொல்லு, வேரு மேல தள்ற தண்ணி தான் அது.

இந்த வருஷம் நல்ல காய்ப்பு. கலர் வந்ததும் பறிக்க விட மாட்டார், திராட்சை பறிச்சப்புறம் பழுக்காதாம், வெதையப் பிச்சுப் பாத்து அது பழுப்பா இருந்தா தான் கத்திரியத் தருவார். அதுவரைக்கும் வலை போட்டு வைக்கணும், இல்லன்னா பூரா குருவிக்கு தான். எளசான இலைய முன்னாடியே பறிச்சு உப்புத் தண்ணியில போட்டு வச்சு, சோறு வச்சு சுருட்டி வேக வைக்கறார், அது எனக்கு அவ்ளோவா புடிக்கல. ஜெல்லி தான் சூப்பர். பழத்த வேக வச்சு வடிகட்டி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சுடணும், அடியில உப்பு மாதிரி டார்ட்டாரிக்னு திராட்சையோட புளிப்பு படியும், மேல இருக்கற தெளிவ மட்டும் எடுக்கணும், இல்லன்னா ஜெல்லி நறநறங்கும். எனக்கு ஷெல்ஃப் பூரா பாட்டில் குடுத்துட்டார். ஆபீஸ்ல ரெண்டு பேருக்குக் குடுத்தேன், வேற யாருக்குக் குடுக்கறது, மீதிய பிரெட்ல தடவி ராத்திரிக்கும் அதே தான், சமைக்கற வேலை மிச்சம்.

சாறு கொதிக்கறப்ப ஒரு வாசனை வந்துச்சுக்கா. அப்பா லுங்கியில மடிச்சுக் கொண்டு வந்து திண்ணையில கொட்டுவாரே, நீ பெரிய கொத்த எடுத்துக்கிட்டு எனக்கு உதிரியத் தள்ளுவ. அடுப்ப ஆஃப் பண்ணிட்டு வெளிய போய் நின்னுட்டேன், எவ்ளோ நேரம்னு தெரியல, தாத்தா வந்து ஜாக்கெட் எங்கன்னு கேட்டார். சரி அத விடு.

பெரியவன் ஃபீஸுக்கு அனுப்பறேன்னேன்ல, இந்த மாசம் பேங்க்ல ஏதோ லேட்டு, அடுத்த மாசம் சேத்து அனுப்பறேன், அத்தான்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. மாடி டீச்சர் வாடகை வந்தா அம்மா கண் ஆபரேஷனுக்கு எடுத்து வை, என் பங்குன்னு எதுவும் பாக்க வேணாம். பட்டா பேர் மாத்தறதுக்கு நான் வரணுமா பவர் குடுத்தா போதுமான்னு கேட்டு எழுது, டிக்கெட் இப்ப ரொம்ப ஜாஸ்தி. ஷெட்ட கிணத்துப் பக்கம் போடச் சொல்லு, அங்க எடம் கெடக்கு, நீ சொன்னா தான் அத்தான் கேப்பார். கொடிய நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, எந்தக் குச்சிய வெட்டணும்னு கோடு போட்டுத் தர்றேன். மழை நேரத்துல கவாத்து பண்ணிடாதீங்க, பூவுல பூஞ்சை விழுந்துடும். அப்புறம் பழம் வந்தா குட்டிகிட்ட சொல்லி வை, நாய்க்கு மட்டும் போடக் கூடாது, திராட்சை அதுக்கு விஷம், கிட்னி போயிடும்.

உன் தம்பி