முகமூடிக்கு அளவெடுக்கும் முன்

மூளைக்கட்டிப் பிரிவு மருத்துவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் வணக்கம்.

அப்பாவின் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. வயது 74, க்ளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. கட்டியில் எம்ஜிஎம்டி என்ற மரபணுவின் நிலையைப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு எங்கள் கைக்கு வந்தபோது கதிர்சிகிச்சை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ‘மெத்திலேற்றம் உள்ளது’ என்று ஒரே வரி.

அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை கட்டிக்குள் செய்யும் சேதத்தைப் பழுதுபார்க்கிற அந்த மரபணு, மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஒட்டியதால் வாயடைத்துக் கிடக்கிறது. மருந்து பலிக்க வாய்ப்பு அதிகம். இது 2005லேயே வெளிவந்த செய்தி. வயதானவர்களுக்கு இப்படி இருந்தால் கதிர்வீச்சுக்குப் பதிலாக மாத்திரையை மட்டும் கொடுப்பதும் ஒரு வழி என்று 2012ல் இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

கதிர்சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க, அப்பாவுக்கு வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், முகத்தின் மேல் அந்த வலை முகமூடியை வைத்து மேசையோடு பூட்டினார்கள். வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். வீடு வந்த பிறகும் அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். “இன்னும் எத்தனை நாள்மா?” என்று கேட்பார். நாலாவது வாரத்துக்கு அப்புறம் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் குணமாகியிருப்பார் என்று வாதாட வரவில்லை. இரண்டு வழி இருந்தது, எங்களுக்கு ஒன்றைத்தான் காட்டினீர்கள். பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டபோது, “அதெல்லாம் ஆராய்ச்சிக்கும்மா” என்று பதில் வந்தது. மெத்தில் சங்கதி சிகிச்சைக்குள் வந்தே பல வருடமாகிறது: மெத்திலைக் குறைக்கும் அசாசைடிடின் என்ற மருந்து எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் 2004லேயே அனுமதி பெற்றுவிட்டது. இன்னும் எத்தனை வருடம் இதை ஆராய்ச்சி என்று சொல்வீர்கள்? இப்படி மரபணுவின் எழுத்து மாறாமலே அது அடங்குவதையும் இயங்குவதையும் பற்றிய துறைக்கு ‘எபிஜெனெடிக்ஸ்’ என்று பெயர். அதைச் சொல்லிச் சத்துப்பொடி விற்கிறவர்கள் அந்தச் சொல்லை நாள் முழுக்க உச்சரிக்கிறார்கள். உங்கள் அறையில் அது ஒருமுறைகூட எங்கள் காதில் விழவில்லை.

மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். சிகிச்சையை முடிவு செய்யும் முன் இந்தப் பரிசோதனை முடிவு உங்கள் மேசையில் இருக்கட்டும். வீட்டாரிடமும் சொல்லுங்கள். தாமதமானால், “இன்னும் வரவில்லை” என்றாவது சொல்லுங்கள்.

போன வாரம் ஸ்கேனுக்கு வந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் தையல்கூடப் பிரிக்கவில்லை. தயவுசெய்து அவருடைய பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு முகமூடிக்கு அளவெடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்